என்ஜின்எக்ஸ், குனிகார்ன்: சொக்கெட்டுக்கு 777 கொடுத்தும் 502 போகவில்லை

நெற்கணக்கு:

வணக்கம். மட்டக்களப்பு வெல்லாவெளியிலிருந்து எழுதுகிறேன். மூன்று இரவாக ஒரே பிழையோடு நிற்கிறேன். பெரும்போக வெட்டுத் தொடங்க இரண்டு கிழமைதான் இருக்கிறது. எந்த விவரம் உதவும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமா நெல் வாங்கி ஆலைகளுக்குக் கொடுப்பவர். நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டைகளில், வயல் கரையிலேயே தராசு வைத்து நிறுப்பார்கள். மூடை மூடையாகக் கொப்பியில் எழுதி, ஒரு துண்டை விவசாயியிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். இரவில் நான் கூட்டிப் பார்ப்பேன். போன பெரும்போகத்தில் ஒரு கொப்பி மழையில் ஊறி மை கரைந்துவிட்டது. பதினேழு பேருடைய கணக்கு அதில் இருந்தது. மாமா ஒவ்வொரு வீடாகப் போய், அவர்கள் கையிலிருந்த துண்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தார். துண்டைத் தொலைத்த இரண்டு பேருக்கு அவர்கள் சொன்ன தொகையையே கொடுத்தார். அந்தக் கிழமைதான் நான் இந்த அப்ளிகேஷனை எழுத உட்கார்ந்தேன்.

பைதனில் இணைய அப்ளிகேஷன் எழுத உதவும் ஜாங்கோ 4.2இல் எழுதியிருக்கிறேன், தரவுத்தளம் ஒரே பைலாக இருக்கும் எஸ்கியூலைட். விவசாயியின் பெயர், வட்டை, நெல்லினம், ஈரப்பதம், ஒவ்வொரு மூடையின் நிறை, விலை எல்லாம் பதியலாம். தராசுத் துண்டைப் படம் எடுத்துச் சேர்க்கலாம். தராசடியில் நிற்கும் தம்பி போனில் அடித்தால் கணக்கு அந்த இடத்திலேயே வரும், விவசாயி தன் போனிலும் அதையே பார்ப்பார். ஈரம் 14 வீதத்துக்கு மேலே போனால் நாங்கள் எத்தனை கிலோ கழிக்கிறோம் என்பது அவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வீட்டு லப்டொப்பில் ஜாங்கோவின் சோதனைச் சேர்வரான ரன்சேர்வரைக் கொடுத்தால் குறையில்லாமல் ஓடுகிறது. வயலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதால் மாத வாடகைக்கு ஒரு சேர்வர் எடுத்தேன்: 1 கோர், 1 ஜிபி ராம், உபுண்டு 22.04. ப்ரொஜெக்ட் ஹோம் போல்டருக்குள், உபுண்டு என்ற யூசரின் கீழே இருக்கிறது. வேர்ச்சுவல் என்விரோன்மென்டும் (இந்த ப்ரொஜெக்டுக்கு வேண்டிய பைதன் சாமான் இருக்கும் தனிப் போல்டர்) அங்கேயே. சேர்விஸ்களை எழுப்பி வைக்கும் சிஸ்டம்டி மூலம், ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன் ஓடுகிறது, அது ப்ரொஜெக்ட் போல்டருக்குள்ளேயே ஒரு சொக்கெட் பைலை, அதாவது மற்ற ப்ரொக்ராம் தன்னோடு பேசும் வாசலை, உருவாக்குகிறது. வெளியிலிருந்து வருவதை முதலில் வாங்கும் வெப் சேர்வரான என்ஜின்எக்ஸ் அதை அந்த சொக்கெட்டுக்கு ப்ரொக்ஸி செய்ய, அதாவது கைமாற்றிக் கொடுக்க, வேண்டும். இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியை வரிக்கு வரி பின்பற்றித்தான் செய்தேன்.

பிரவுசரில் வருவது 502 பேட் கேட்வே, அதாவது என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இருப்பதிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை. என்ஜின்எக்ஸின் எரர் லொக்கில் சொக்கெட்டின் பெயரோடு "13: பெர்மிஷன் டினைட்" என்று வருகிறது. ஆனால் சேர்வருக்குள் இருந்து கர்ல் கட்டளை கொண்டு அதே சொக்கெட்டைத் தொட்டால் என் லொகின் பக்கம் முழுதாக வருகிறது! அப்படியென்றால் குனிகார்ன் சரிதானே?

சொக்கெட்டுக்கு சிஎச்மோட் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தேன், மாறவில்லை. என்ஜின்எக்ஸை அழித்துத் திரும்ப நிறுவினேன், அதே பிழை. குனிகார்னில் வேலையைக் கவனிக்கும் ப்ரொசெஸ்களான வேர்க்கர்களின் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. இன்னொரு யோசனையும் இருக்கிறது: என்ஜின்எக்ஸையே விட்டுவிட்டு குனிகார்னை 8000ஆம் போர்ட்டில் நேரடியாகத் திறந்துவிட்டால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்லடி வாவிக்கரை:

எனக்கும் போன வருடம் இதே பிழை வந்தது. என்ஜின்எக்ஸின் பிரதான கொன்பிக் பைலில் முதல் வரியில் "யூசர்" என்று இருக்கும். என்ஜின்எக்ஸ் எந்த யூசராக ஓடுகிறது என்பது அது. அதில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவை எடுத்துவிட்டு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்று போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு உடனே வேலை செய்தது, இன்றைக்கும் ஓடுகிறது.


கல்முனை நானா:

தங்கச்சி, ரூட் ஆக்க வேண்டாம். வேலை செய்யும் என்பது உண்மைதான், ரூட்டுக்கு எந்தக் கதவும் பூட்டில்லை. ஆனால் இணையத்துக்கு நேரே முகம் காட்டி நிற்கும் ப்ரொசெஸ் அது. நாளைக்கு அதில் ஒரு ஓட்டை வந்தால் முழுச் சேர்வரும் போய்விடும். வாவிக்கரைத் தம்பி, நீங்களும் அதைப் பழையபடி மாற்றிவிடுங்கள், கீழே சொல்லும் வழி உங்களுக்கும் பொருந்தும்.

இந்தத் தங்கச்சி லொக்கைப் பார்த்து எழுதியது பெரிய உதவி. 502 என்று மட்டும் சொல்லியிருந்தால் நாங்கள் பத்துப் பதிலுக்கு ஊகம்தான் பண்ணியிருப்போம். அந்த வரியில் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் சொக்கெட் பைலே இல்லை, குனிகார்ன் எழும்பவில்லை. 111 என்றால் பைலோ போர்ட்டோ கொடுத்திருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் கேட்க ஆள் இல்லை. 13 என்றால் ஆள் இருக்கிறார், என்ஜின்எக்ஸுக்குத்தான் அவரிடம் போய்ச் சேர வழியில்லை. உங்கள் கர்ல் சோதனையும் இதையே சொல்கிறது. நீங்கள் உபுண்டு யூசராக நின்று தொட்டீர்கள், கிடைத்தது. என்ஜின்எக்ஸ் வேறு யூசர், கிடைக்கவில்லை.

இனி 777க்கு வருவோம். குனிகார்ன் தன் சொக்கெட்டை வழக்கமாகவே எல்லோருக்கும் திறந்துதான் உருவாக்கும், நீங்கள் கொடுப்பதற்கு முன்பே அது 777தான். வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது, பூட்டியிருப்பது வளவுப் படலை. லினக்ஸில் ஒரு பைலைத் தொட வேண்டுமென்றால் அந்தப் பைலுக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. போகும் வழியிலுள்ள ஒவ்வொரு போல்டருக்குள்ளும் நுழையும் உரிமை, அதாவது எக்ஸ் பிட், இருக்க வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் போல்டருக்கு 750தான் கிடைக்கும், அதாவது மற்ற யூசர்கள் உள்ளே நுழைய முடியாது. அதற்கு முன்பு 755, யாரும் உள்ளே நடந்து போகலாம். நீங்கள் பின்பற்றிய வழிகாட்டி 18.04 அல்லது 20.04 காலத்தது என்று நினைக்கிறேன். அதை எழுதியவர் பிழையாக எழுதவில்லை, அவர் எழுதும்போது படலை திறந்திருந்தது. நானும் 20.04இல் ஓடிய அதே கொன்பிக்கை 22.04 போட்ட புதுச் சேர்வருக்குக் கொண்டுபோய், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் இதே 13ஓடு இருந்திருக்கிறேன்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் "நேம்ஐ" கட்டளைக்கு எல் விருப்பத்தைக் கொடுத்து சொக்கெட்டின் முழுப் பாதையையும் எழுதுங்கள். பாதையிலுள்ள ஒவ்வொரு போல்டரும், அதன் சொந்தக்காரர், அனுமதி எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். உபுண்டு என்ற போல்டர் வரும் வரியில் மற்றவர்களுக்கான கடைசி மூன்று இடமும் கோடாக இருக்கும். அதுதான் உங்கள் படலை.

அதற்காக ஹோம் போல்டரை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். அது உங்கள் தனிச் சாமான் இருக்கும் இடம். அப்ளிகேஷனைத்தான் அங்கிருந்து கிளப்ப வேண்டும். எஸ்ஆர்வி போல்டருக்குள் நெல் என்று ஒன்றை உருவாக்கி ப்ரொஜெக்டை அங்கே வையுங்கள். சொக்கெட்டை ப்ரொஜெக்டுக்குள் வைக்காமல் ரன் போல்டருக்குள் வையுங்கள். சிஸ்டம்டி பைலில் சேர்விஸ் பகுதியில் "ரன்டைம்டைரெக்டரி" என்று ஒரு வரி எழுதி நெல் என்று கொடுத்தால், ஒவ்வொரு முறை சேர்விஸ் எழும்பும்போதும் ரன் போல்டருக்குள் நெல் என்ற போல்டரை அதுவே உரிய யூசரின் பெயரில், 755 அனுமதியோடு உருவாக்கும். நிறுத்தினால் அதுவே துடைத்துவிடும். குனிகார்னின் பைண்ட் விருப்பத்திலும் என்ஜின்எக்ஸின் ப்ரொக்ஸி_பாஸ் வரியிலும் புதுப் பாதையை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பிறகு சிஸ்டம்டிக்கு டீமன்-ரீலோட், குனிகார்னுக்கு ரீஸ்டார்ட், என்ஜின்எக்ஸுக்கு டீ விருப்பத்தோடு ஒரு சோதனை. அது ஓகே என்று சொன்ன பிறகு ரீலோட்.

அடுத்ததாக நீங்கள் முட்டப்போவது ஸ்டைல் இல்லாமல் வெறும் எழுத்தாக வரும் பக்கம். செட்டிங்ஸில் சோதனை நிலையான டீபக்கை பொய்யாக்கியவுடன் ஜாங்கோ ஸ்டைல் போன்ற ஸ்டாட்டிக் பைல்களைக் கொடுக்காது. அவற்றை ஒரே இடத்தில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஓட்டி, வரும் போல்டரை என்ஜின்எக்ஸின் ஏலியஸ் வரியில் கொடுங்கள். லொகேஷன் பெயர் சாய்கோட்டில் முடிந்தால் ஏலியஸ் பாதையும் சாய்கோட்டில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் போல்டரின் பெயரும் பைலின் பெயரும் ஒட்டிக்கொண்டு 404 வரும்.


அக்கரைப்பற்று ஆசிரியை:

8000ஆம் போர்ட்டை நேரே திறக்கலாமா என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. உங்கள் வேலைக்கு அதுதான் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது, அதனால் எழுதுகிறேன்.

படுவான்கரை வட்டைகளில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒரு கோருக்கு மூன்று வேர்க்கர் என்பது வழக்கமான கணக்கு, கோரை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுவார்கள். குனிகார்னின் சாதாரண வேர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் கவனிக்கும். தராசடியில் நிற்கும் ஒருவர் படத்தை அனுப்ப, அது சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும்போது அந்த வேர்க்கர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இப்படி மூன்று போன் வந்தால் நாலாவது விவசாயிக்குப் பக்கமே திறக்காது. அதுமட்டுமல்ல, 30 வினாடிக்கு மேல் ஒரு வேர்க்கரிடமிருந்து சத்தம் வராவிட்டால் குனிகார்ன் அதைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பும். படம் பாதியில் போகும்.

என்ஜின்எக்ஸ் முன்னால் நின்றால் அந்த மெதுவான போனோடு மாரடிப்பது அதன் வேலை. வருவதை முழுதாக வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, முடிந்த பிறகுதான் குனிகார்னுக்கு ஒரேயடியாகக் கொடுக்கும். அதற்கு அதில் தனியாக ஒன்றும் செய்யத் தேவையில்லை, வழக்கமே அதுதான். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான போன்களை அது அலட்டல் இல்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும். குனிகார்னை எழுதியவர்களே முன்னால் ஒரு ப்ரொக்ஸி வைக்கச் சொல்வது இதனால்தான். நகரத்துப் பைபரில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, வயலில் தெரியும்.

படம் என்று எழுதியிருந்தீர்கள். என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வருவதை 413 என்று திருப்பி அனுப்பிவிடும். இன்றைய போன் படம் 3, 4 எம்பி வரும். "கிளையன்ட்_மேக்ஸ்_பொடி_சைஸ்" வரியில் 8 எம் கொடுங்கள். அதைவிட நல்லது, அனுப்ப முன்பு போனிலேயே படத்தைச் சின்னதாக்கிவிடுவது. துண்டில் உள்ள இலக்கம் வாசிக்கக் கிடைத்தால் போதும்தானே.


நெற்கணக்கு:

நானாவுக்கும் டீச்சருக்கும் மிகவும் நன்றி. நேம்ஐ கொடுத்துப் பார்த்தேன், நானா சொன்ன அதே வரியில் அதே கோடுகள். மூன்று இரவாக நான் தட்டிக்கொண்டிருந்தது வேறு கதவு.

இப்போது 13 போய்விட்டது. ப்ரொஜெக்டை சூடோ கொடுத்து, அதாவது ரூட் அதிகாரத்தில், எஸ்ஆர்விக்குள் பிரதி எடுத்தேன், ஹோமில் இருந்ததை அழித்துவிட்டேன். சிஸ்டம்டி பைலில் பாதைகளையெல்லாம் மாற்றினேன். ஆனால் குனிகார்ன் எழும்பவே இல்லை, ஸ்டேட்டஸில் 203 எக்செக் என்று வருகிறது. எல்எஸ் கொடுத்தால் குனிகார்ன் பைல் அந்த இடத்தில் இருக்கிறது! இருக்கிற பைலை ஏன் காணவில்லை என்கிறது?


கல்முனை நானா:

பைல் இருக்கிறது, அது தேடும் பைதன்தான் இல்லை. அந்தக் குனிகார்ன் பைலின் முதல் வரியை ஹெட் கொண்டு பாருங்கள். பழைய ஹோம் போல்டரின் முழுப் பாதை அதில் எழுதியிருக்கும். வேர்ச்சுவல் என்விரோன்மென்டை ஒரு இடத்தில் கட்டினால் அந்த இடத்தின் பெயரை அது உள்ளே எழுதிவைத்துக்கொள்ளும். தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்கக் கூடாது. அந்தப் போல்டரை அழித்துவிட்டுப் புது இடத்தில் திரும்ப உருவாக்கி, ரிக்குவயர்மென்ட்ஸ் பைலிலிருந்து எல்லாவற்றையும் நிறுவுங்கள்.

சூடோ கொடுத்துப் பிரதி எடுத்தீர்கள் என்பதால் இன்னொன்று. இப்போது அங்கே எல்லாம் ரூட்டின் சொத்து. லொகின் பக்கம் வரும், பெயரும் கடவுச்சொல்லும் அடித்தவுடன் 500 வரும், லொக்கில் ரீட்ஒன்லி டேட்டாபேஸ் என்று இருக்கும். தரவுத்தளப் பைலின் உரிமையை மட்டும் மாற்றினால் போதாது. எஸ்கியூலைட் எழுதும்போது பக்கத்திலேயே ஒரு தற்காலிகப் பைலை உருவாக்கும், அதனால் அது இருக்கும் போல்டரும் உபுண்டு யூசருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். டேட்டா என்று ஒரு போல்டரை உருவாக்கி, தரவுத்தளத்தையும் படங்களையும் அதற்குள் வைத்து, அதற்கு மட்டும் சிஎச்ஓன் கொடுத்து உபுண்டு யூசருக்குச் சொந்தமாக்குங்கள். கோட் ரூட்டின் பெயரிலேயே இருக்கட்டும், வாசிக்க மட்டும் முடிந்தால் போதும். அப்ளிகேஷனில் யாராவது புகுந்தாலும் கோட் பைல்களைத் திருத்த முடியாது.


நெற்கணக்கு:

எழும்பிவிட்டது! நேற்றிரவு பதினொன்றரைக்கு மாமாவின் போனில் திறந்து காட்டினேன். அவர் தன் பெயரிலேயே ஒரு மூடை பதிந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.

டொமைன் பெயரை வைத்து சேர்ட்பொட் ஓட்டி எச்டிடிபிஎஸ் எடுத்தேன், அதில் சிரமம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு மட்டும் லொகினில் 403 வந்தது, ஒரிஜின் பொருந்தவில்லை என்று. தேடிப் பார்த்துக் கண்டுபிடித்ததை எழுதிவைக்கிறேன். என்ஜின்எக்ஸுக்கும் குனிகார்னுக்கும் இடையில் சாதாரண எச்டிடிபிதான் போகிறது, அதனால் ஜாங்கோ தன்னை எச்டிடிபி என்றே நினைத்துக்கொள்கிறது, பிரவுசரோ எச்டிடிபிஎஸ் என்கிறது. என்ஜின்எக்ஸில் ஹோஸ்ட், எக்ஸ்-போர்வர்டட்-ப்ரோட்டோ என்ற இரண்டு ஹெடரையும் அனுப்பி, ஜாங்கோ செட்டிங்ஸில் செக்யூர்_ப்ரொக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடரை எழுதியதும் சரி வந்தது.

இன்று காலை பாலையடிவட்டைப் பக்கம் போய், சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் நின்று மூன்று போனில் ஒரே நேரத்தில் படம் அனுப்பினோம். ஒன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அது போய்க்கொண்டிருக்கும்போதே நாலாவது போனில் கணக்குப் பக்கம் உடனே திறந்தது. டீச்சர், நீங்கள் சொன்னதை அப்படியே கண்ணால் பார்த்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. காலை 5.10க்கு ஒரு பதிவு போட்டுப் பார்த்தோம். அந்தப் பதிவு நேற்றைய திகதியில் நிற்கிறது. 6 மணிக்குப் பதிந்தது இன்றைய திகதியில் இருக்கிறது. டைம்_சோனை ஆசியா கொழும்பு என்றுதான் கொடுத்திருக்கிறேன்.


அக்கரைப்பற்று ஆசிரியை:

திகதியை டைம்சோன்.நவ் எடுத்து அதிலிருந்து டேட் என்று பிரிக்கிறீர்கள் போல. செட்டிங்ஸில் யூஸ்_டீசெட் ட்ரூ என்று இருந்தால் நவ் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில்தான் வரும், டைம்_சோனில் என்ன கொடுத்தாலும் சரி. நாங்கள் யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம், அதனால் காலை 5.30க்கு முன் வரும் எல்லாம் அங்கே முதல் நாள். டைம்சோன்.லோக்கல்டேட் என்று மாற்றுங்கள். அன்றாடக் கணக்கைக் கூட்டும் இடத்திலும் இதே பிழை இருக்கும், தேடிப் பாருங்கள்.


கல்முனை நானா:

தங்கச்சி, வெட்டுத் தொடங்க முன்பு பெக்அப்பை வைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் பைலை சாதாரணப் பிரதிக் கட்டளையான சிபி கொண்டு பிரதி எடுக்கக் கூடாது. யாராவது எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் எடுத்தால் பிரதி உடைந்ததாக வரலாம். எஸ்கியூலைட்டின் சொந்த பெக்அப் கட்டளை இருக்கிறது, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரோனில் அதை இரவு 11 மணிக்குப் போட்டு, வரும் பைலை உங்கள் லப்டொப்புக்கு இறக்கிவிடுங்கள். ஒரு முறையாவது அந்தப் பிரதியை லப்டொப்பில் திறந்து கணக்கு வருகிறதா என்று பாருங்கள்.


கல்லடி வாவிக்கரை:

நானா, என்னுடையதையும் எஸ்ஆர்விக்கு மாற்றி யூசரை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா ஆக்கிவிட்டேன். எனக்கும் 203 வந்தது, மேலே பார்த்துத்தான் திருத்தினேன். நன்றி.


நெற்கணக்கு:

லோக்கல்டேட் மாற்றினேன், மூன்று இடத்தில் இருந்தது. பெக்அப்பும் நேற்றிரவு முதல் இறங்குகிறது. லப்டொப்பில் திறந்து பார்த்தேன், மாமாவின் ஒரு மூடையும் அதில் இருக்கிறது. திங்கட்கிழமை மண்டூர்ப் பக்கம் முதல் வெட்டு. முதல் கிழமை தம்பி போனில் பதிவார், மாமா பக்கத்தில் நின்று கொப்பியிலும் எழுதுவார். இரவில் இரண்டையும் வைத்து நான் ஒத்துப் பார்ப்பேன். கிலோ கணக்கில் வித்தியாசம் வந்தால் திரும்ப இங்கே வருகிறேன்.